ஈரச் சுவரில் ஒரு பெட்டி

மூன்று மணிக்குத் தண்ணீர் அடிக்க ஆரம்பித்தால் மூன்றே முக்கால் வரைக்கும் அந்த இறால் கம்பெனியில் யாரும் யாரோடும் பேச முடியாது. ஐப்பசி மழை மொத்தமும் ஒரே தகரத்தின் மேல் இறங்குகிற மாதிரி, தரை கழுவுகிற ஓஸ் குழாயின் இரைச்சல். ஆகவே முத்துப்பேச்சி பேனல் ரூமுக்குள் வந்து, மீன்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ரப்பர் பூட்ஸ் கால்களை நீட்டிக்கொண்டு, யோசிக்க முக்கால் மணி நேரம் சும்மா கிடைத்ததே என்று முதலில் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்படுவது அவளுக்குக் கஷ்டமான காரியம் கிடையாது. காலையில் பால்வாடியில் விடும்போது மகள் கனிஷ்கா வாயிலிருந்த இட்லியை இவள் சட்டையிலேயே துடைத்ததை நினைத்து இப்போதுகூடச் சிரிப்பு வந்தது. தோளில் அந்தச் சட்னிக் கறை பச்சையாகக் காய்ந்திருந்தது, பச்சை என்றதும் ஒயர் முனையில் பூத்த களிம்பு ஞாபகம் வந்தது, சிரிப்பு போய்விட்டது. மேனேஜர் தனராஜ் சார் காலையிலேயே சொல்லிவிட்டார். “பேச்சி, மூணே முக்காலுக்கு வருவேன். ரெண்டு பக்கத்து மிஷினுக்கும் நடுவுல சேதி போக ரேடியோவா, நெட்வொர்க் கேபிளா, பழைய ஒயரேவா, ஒண்ணைச் சொல்லணும். எஞ்சினியர் வர பத்து நாளாகும். அந்தச் சுவத்த தினமும் பாக்கது நீதான்.” இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான். ஐ.டி.ஐ.யில் முப்பத்திரண்டு பையன்களுக்கு நடுவில் மூன்று பெண்களில் ஒருத்தியாக உட்கார்ந்து எலெக்ட்ரீசியன் படிப்பு படித்தவளை, ஃபியூஸ் போடுகிற பொண்ணு என்றே நாலு வருஷமாகக் கூப்பிடுகிற இடத்தில், ஒன்றைத் தேர்ந்து சொல் என்கிறார்கள். ஆனால் சார் சட்டைப் பையில் ஒரு தாளும் இருந்தது. நிறுத்தும் பொத்தானை அழுத்தாமல் மூடியைத் திறந்தது என் கவனக்குறைவே என்று டைப் அடித்த தாள். வியாழக்கிழமை மிஷினில் விரல் மாட்டிய ஜெபமணியக்கா அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஒரு வாரம் வேலை கிடையாது, இன்னொரு தடவை ஏதாவது என்றால் வரவே வேண்டாம். போட வேண்டியது அவள் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் இந்தக் கூடை மேல் உட்கார்ந்திருந்தாள்.

எத்தனை தடவை பின்னால் போய்ப் பார்த்தாலும் அது வியாழக்கிழமைக்கே வந்து நின்றது. கழுவுகிற ஹாலில் மிஷினை நடத்துகிற ஒரு கண்ட்ரோலர் பெட்டி, குளிர்ப் பக்கத்தில் ஒரு கண்ட்ரோலர், நடுவில் நாற்பது மீட்டர் ஈரச் சுவர். இறாலைத் தள்ளிக்கொண்டு போகிற திருகைச் சுற்ற விடுவது குளிர்ப் பக்கத்துக் கண்ட்ரோலர். திருகுக்கு மேலே இருக்கிற மூடி மூடியிருக்கிறதா என்று தெரிந்தது கழுவுகிற பக்கத்துக் கண்ட்ரோலருக்கு. மூடியிருந்தால் அது ஒரு ஒயரில் கரண்டை விடும். கரண்ட் வந்தால் சுற்றலாம், வராவிட்டால் நிற்க வேண்டும். நல்ல ஏற்பாடு என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். ஒயர் அறுந்தால் கரண்ட் போகாது, போகாவிட்டால் திருகு நிற்கும், நின்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஜெபமணியக்காவோடு சேர்த்து, புதிதாக வேலைக்கு வந்த பத்துப் பேருக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள், மூடியத் தூக்கினாலே நின்னுரும், பயப்படாதீங்க என்று. பொத்தானை யார் அழுத்தினார்கள்? பொத்தான் எட்டு அடி தள்ளி இருந்தது, மூடி கைக்கு முன்னால் இருந்தது. வியாழக்கிழமை திருகு சும்மாதான் நின்றிருக்கிறது. ஜெபமணியக்கா மூடியைத் தூக்கிவிட்டுப் பிரஷ்ஷை உள்ளே விட்டிருக்கிறாள். குளிர்ப் பக்கத்தில் தட்டு காலியானது, அந்தப் பக்கத்துக் கண்ட்ரோலர் இறால் கேட்டது, திருகு ஒரு சுற்றுச் சுற்றியது. கையுறை போயிற்று, பிரஷ் இரண்டாக ஒடிந்தது, மோதிர விரல் நகம் போயிற்று. நகத்தோடு போயிற்று. இந்த இடத்தில் முத்துப்பேச்சியின் நினைப்பு ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்றுக்குப் பதிலாக இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்கும், அவள் உடனே கண்ணைத் திறந்து எதிரே இருக்கிற பச்சை லைட்டுகளை எண்ண ஆரம்பிப்பாள், ஒன்று, இரண்டு, மூன்று. அன்றைக்கு எல்லாரும் ஜெபமணியக்காவைச் சுற்றி நிற்கும்போது அவள் மட்டும் சுவரோரம் போய், நடுவில் ஒயர்கள் சேருகிற ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தாள். நாலு திருகாணியையும் கழற்றி மூடியை எடுத்ததும் உள்ளிருந்து தண்ணீர் பொளக்கென்று அவள் பூட்ஸ் மேல் விழுந்தது. இரண்டு விரற்கடை தண்ணீர். கடல் காற்றின் உப்பு கரைந்த தண்ணீர். கரண்ட் எந்நேரமும் நிற்கிற பக்கத்து முனைக்கும் மூடியின் ஒயருக்கும் நடுவே அது பாலம் போட்டிருந்தது. மூடியைத் திறந்த பிறகும் மூடியிருக்கு மூடியிருக்கு என்று தண்ணீரே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பெட்டிக்குள்ள தண்ணி நின்னுட்டு சார் என்று அவள் மேனேஜரிடம் சொன்னாள். பொய் இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்கு அடியில் செய்தவன் ஒரு ஓட்டை விட்டிருந்தான், வேர்வை வடிவதற்கு. ஓஸ் அடித்தால் இது வழியாகத் தண்ணீர் ஏறிவிடுமே என்று அதைச் சித்திரை மாசம் சிலிக்கான் பசை வைத்து அடைத்து, சோப்புத் தண்ணீரில் கட்டைவிரலை நனைத்து வழவழவென்று தடவி விட்டவள் அவள். ஊறுகாய் ஜாடி வாயைத் துணி கட்டி இறுக்குகிற மாதிரி, இறுக்கமாக மூடினால் உள்ளே எதுவும் போகாது என்ற வீட்டுப் புத்தி. தண்ணீர் வெளியிலிருந்து வரவேயில்லை. பகலில் சூடான காற்று உள்ளே இருந்திருக்கிறது, குளிர்ப் பக்கத்து மிஷின் ஓடும்போது அது வேர்த்திருக்கிறது, வேர்த்தது வடிய வழியில்லாமல் நின்றிருக்கிறது. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. நாலு மாசம் சொட்டுச் சொட்டாக. எவ்வளவு அழகாக அடைத்திருந்தாள், விரல் ரேகை கூடத் தெரியாமல்.

அதை விடு, அது பிறகு, முதலில் எதை வாங்குவது என்று பார் என்று அவள் தன்னையே அதட்டிக்கொண்டாள். கனிஷ்காவை அதட்டுகிற அதே குரல்தான், அதனால் அதற்கு அவ்வளவாக மதிப்பிருக்கவில்லை. ஒயரில்லாமல் சேதி அனுப்புகிற ரேடியோவை விற்கிற ஆள் போன வாரம் வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, காலில் ஷூ. ஹாலுக்குள் வராமல் வாசலிலேயே நின்று, ஒயரே இல்லைங்க மேடம், ஒயர் இல்லேன்னா தண்ணிக்கு அங்க என்ன வேலை என்றான். நல்ல பேச்சு. அவளை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை, அதற்காகவே வாங்கிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் வேக வைக்கிற பக்கம் ஆவி கிளம்பினால் எதிர்ச் சுவர் தெரியாது. குளிர் அறைக் கதவு இரும்பு, இழுத்துச் சாத்தினால் உள்ளே இருக்கிறவளின் செல்போன் செத்துப்போகும். சாத்துகிற கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது அந்தப் பக்கம் கேட்குமா? கேட்காவிட்டால் நிற்கும், நின்றால் நல்லதுதானே. நல்லதுதான். ஒரு நாளைக்கு ஒரு தடவை நின்றால் நல்லது. ஒரு ஷிப்டுக்கு இருபது தடவை நின்றால்? இங்கேதான் அவள் நினைப்பு எப்போதும் முள்ளில் மாட்டிய துணி மாதிரி நின்றுவிடும். எடை போடுகிற மிஷினுக்கு நெட்வொர்க் கேபிள் போட்டிருந்தார்கள். கேபிளின் தலையில் நகம் அளவு பிளாஸ்டிக் பூட்டு, எட்டுப் பித்தளைப் பல். கடல் காற்றுக்குப் பத்து நாளில் பல்லெல்லாம் பச்சை பிடித்தது. அந்தக் கேபிளைக் குறை சொல்ல முடியாது. சேதி நின்றுவிட்டால் நின்றுவிட்டது என்று அதற்கே தெரியும், உடனே மிஷினை நிறுத்திவிடும். நிறுத்தி நிறுத்தி, பச்சை பிடித்த மூன்றாம் நாள் சூப்பர்வைசர் செல்லத்துரை என்ன செய்தார்? “இது என்ன சவம், நொடிக்கொரு தரம் செத்துச் செத்துப் பொழைக்கு” என்று ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே கட்டி, எப்போதும் சரியாக இருக்கிற மாதிரி ஆக்கிவிட்டுப் போனார். அன்றைக்குக் கட்டியது ஆறு மாசம் இருந்தது. அதற்கு அவரைத் திட்டவும் முடியாது, இறால் உருகிக்கொண்டிருந்தது. ஆக, அடிக்கடி பொய்யாக நிறுத்துகிற ஒன்றை வாங்கி மாட்டினால் மனுஷனே அதன் வாயை அடைத்துவிடுவான். பசை வைத்து அடைப்பான். விரல் ரேகை தெரியாமல். திரும்பவும் அங்கேயே வந்துவிட்டாளே. அவள் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள். குளோரின் வாடை கண்ணில் கரித்தது. பழைய ஒயரே போதும் என்றால், பெட்டி புதிது, ஓட்டை திறந்தது, பசை கிடையாது. ஆனால் தண்ணீர் இன்னொரு வழி கண்டுபிடிக்காதா? ஒயரை அறுத்தால் நிற்கிறது, சரி. ஒயர் எந்நேரமும் கரண்டோடு நின்றுவிட்டால்? அறுப்பது எலி, ஒட்ட வைப்பது தண்ணீர். எலிக்குப் பதில் இருந்தது. தண்ணீருக்கு இல்லை.

மணி மூன்று இருபது. சுயம்பு இன்னும் கூப்பிடவில்லை. அவள் வீட்டுக்காரர் குளிர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறபோது ஒவ்வொரு டோல்கேட்டிலும் ஒரு மிஸ்டு கால், இரண்டு மணி அடித்துவிட்டு கட். எடுக்கக் கூடாது. எடுத்தால் திட்டுவார். இப்போதெல்லாம் எவ்வளவு பேசினாலும் காசில்லை, ஆனாலும் கல்யாணமான புதிதில் பிடித்த பழக்கம், விடவில்லை. கப்பலூர் டோல்கேட் மூன்று மணிக்கு வந்திருக்க வேண்டும். கூட்டமாக இருக்கும். சார்ஜ் இல்லாமல் இருக்கும். கண்ணசந்திருப்பாரோ, ஓரமாக நிறுத்திவிட்டு அசந்திருந்தால் பரவாயில்லை, நிறுத்தாமல் அசந்திருந்தால் என்று நினைப்பு ஓட, அவள் போனை எடுத்து வாட்ஸ்அப்பைப் பார்த்தாள். ஆன்லைன் என்று இருந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டவள் அடுத்த மூச்சிலேயே அதை நம்பவில்லை. ஒரு தடவை இப்படித்தான் ஆன்லைன் ஆன்லைன் என்று முக்கால் மணி நேரம் காட்டிக்கொண்டிருந்தது. கிளீனர் போனை வாங்கிப் படம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், இவர் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்திருக்கிறார், டயர் மாற்ற. இன்னொரு தடவை மணி அடித்தது, இரண்டோடு கட் ஆகவில்லை, மூன்று, நாலு, ஐந்து என்று அடித்துக்கொண்டே போனது. எடுத்தால் யாரோ டீக்கடைக்காரர், “யம்மா, இந்தப் போனை டிரைவர் மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு” என்றார். மணி அடிக்காவிட்டால் பயம். விடாமல் அடித்தாலும் பயம். அடித்து, நிறுத்தி, அடித்து, நிறுத்தினால்தான் அவர். ஏனென்றால் நிறுத்துவதற்கு அங்கே ஒரு ஆள் இருக்க வேண்டும். முத்துப்பேச்சி போனிலிருந்து நிமிர்ந்து எதிரே இருந்த பச்சை லைட்டுகளைப் பார்த்தாள். ஒயரில் கரண்டை விட்டுவைக்கக் கூடாது. விட்டு விட்டு அனுப்ப வேண்டும். அரை நொடி இருக்கு, அரை நொடி இல்லை. அந்தப் பக்கத்துக் கண்ட்ரோலர் இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது, மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒயர் அறுந்தால் மாறாது, நிற்கும். தண்ணீர் ஒட்ட வைத்தாலும் மாறாது, நிற்கும். தண்ணீரால் ஒயரைப் பிடித்து வைக்க முடியும், விட முடியாது. கண் திறந்தபடியே செத்துக் கிடக்கிற மீன் மாதிரி அது சிமிட்டாது. மூடியைத் தூக்கிக் கையை உள்ளே விடுவதற்குள் முக்கால் நொடியாவது போய்விடும், அதற்குள் தெரிந்துவிடும். வாங்க வேண்டியது ஒன்றுமே இல்லை, இரண்டு கண்ட்ரோலருக்குள்ளும் நாலு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான், அதை அவளே எழுதிவிடுவாள். எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. குதித்திருப்பாள், அதற்குள் அடுத்த முள் மாட்டியது. அதே பெட்டி வழியாகத்தானே அபாய விளக்கின் ஒயரும் போகிறது. அந்த விளக்கும் விட்டு விட்டுத்தானே எரிகிறது. தண்ணீர் அந்தச் சிமிட்டலை இந்த ஒயருக்குக் கடன் கொடுத்தால்? லோன் வேணுமா என்று கேட்கிறவன்கூட இரண்டு மணி அடித்துவிட்டு வைக்கிறான். நம்பரைப் பார்த்தால்தானே அது அவர் இல்லை என்று தெரிகிறது. அப்படியானால் விளக்கின் ஒயரை வேறு குழாயில் கொண்டுபோக வேண்டும். சிமிட்டுகிற வேகமும் வேறாக இருக்க வேண்டும். போன் அடித்தது. ஒன்று. இரண்டு. கட். சுயம்பு நம்பர். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே, சந்தோஷப்படவும் மறந்து, விளக்கின் ஒயர் என்ன கலர் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. ஈரக் காற்றோடு ஜெபமணியக்கா உள்ளே வந்து, இரைச்சல் வெளியே நிற்கக் கதவைச் சாத்தினாள். மோதிர விரலில் வெள்ளைக் கட்டு, அதன் மேல் தண்ணீர் படாமலிருக்க பால் பாக்கெட் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். கை சரியாகும்வரை லேபிள் ஒட்டுகிற வேலை.

“ஏட்டி, இங்க உக்காந்து தனியா என்ன யோசிச்சுக்கிட்டிருக்க? மாப்பிள போனா?”

“கப்பலூர் தாண்டிட்டாவக்கா.”

“பேசவே இல்ல, தாண்டிட்டாவன்னு சொல்லுத. எங்க காலத்துல பொறா விட்டாவ, நீங்க மணி விடுதீய.” அவள் இன்னொரு கூடையைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அந்தத் தாள்ல இன்னைக்குக் கையெழுத்துப் போடணுமாம்லா. போட்டுட்டுப் போறேன். நான் பொத்தான அமுக்கலதான. இல்லேன்னா சொல்ல முடியும்?”

“நாங்களும்தான் யாரும் அமுக்கலியே.”

“நீங்க யாரும் நகத்தக் குடுக்கலியே.” ஜெபமணியக்கா சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து மற்றக் கையால் மூடிக்கொண்டாள். முத்துப்பேச்சி அந்த மூடிய கையைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடலாம், இவளிடம் மட்டும் சொன்னால் திட்டுவாள், திட்டிவிட்டு விட்டுவிடுவாள், விட்டுவிடுவாள் என்பதுதான் பிரச்சினை. விட்டுவிட்டுப் போய்க் கையெழுத்தும் போட்டுவிடுவாள். ஒரு வாரக் கூலி. வேலை போனால் அடுத்த கம்பெனியில் கையைப் பார்த்துவிட்டு எடுக்க மாட்டார்கள். சொன்னால் தனக்கு என்ன ஆகும்? ஃபியூஸ் போடுகிற பொண்ணு என்றுகூடக் கூப்பிட மாட்டார்கள். எதையும் தேர்ந்து சொல்லச் சொல்ல மாட்டார்கள். நாக்கு நுனியில் வந்து நின்றது. அதற்குள் ஓஸ் நின்றது.

சத்தம் நின்றதும் கம்பெனியே காது அடைப்பு விட்ட ஆள் மாதிரி ஆகிவிட்டது. கூரையிலிருந்து சொட்டுவது ஒவ்வொன்றாகக் கேட்டது. தனராஜ் சார் பேண்டைக் கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்டு, தண்ணீரைத் தாண்டித் தாண்டி வந்தார்.

“சொல்லு பேச்சி. என்ன வாங்கணும்?”

“ஒண்ணும் வாங்கண்டாம் சார்.” அவள் அவர் கையிலிருந்த நோட்டையும் பேனாவையும் வாங்கி, இரண்டு கட்டம் போட்டு, நடுவே ஒரு கோடு இழுத்தாள். கோட்டின் மேல் மேடும் பள்ளமுமாக வரைந்து, விட்டு விட்டு அனுப்புவதைச் சொன்னாள். எலியையும் தண்ணீரையும் சொன்னாள், விளக்கின் ஒயரைப் பிரிக்க வேண்டியதைச் சொன்னாள். “பொத்தானும் அமுக்கட்டும் சார், அது வேண்டாம்னு சொல்லல. ஆனா மூடிகிட்டயே அதக் கொண்டாந்து வைக்கணும். நான் எழுதி, ஓட்டிப் பாத்து முடிக்கிற வரைக்கும் திருக ஓட்டக் கூடாது. ரெண்டு நாள்.”

“ரெண்டு நாளா? அது வரைக்கும் இறாலு?”

“கூடையில சுமந்துருவோம் சார்.”

அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்திருக்கிறது என்று அவர் மூக்கைச் சொறிந்ததில் தெரிந்தது. “சரி. நல்லாதான் யோசிச்சிருக்க,” என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். “ஜெபமணி, நீ இதுல…”

“அவ்வோ போடக் கூடாது சார்.” குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. “பெட்டிக்கு அடியில தண்ணி வடிய ஓட்ட ஒண்ணு உண்டு. அத அடைச்சது நான். சித்திரையில. அதான் உள்ள தண்ணி நின்னுச்சு. மூடியத் தூக்கினா நின்னுரும்னு அக்காவுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்.”

கூரை சொட்டியது. தனராஜ் சார் தாளை மடித்தார், இன்னொரு தடவை மடித்தார், மடிக்க இடமில்லாமல் போனதும் பைக்குள் வைத்தார். “இதப் பத்தி உங்கிட்ட அப்புறம் பேசணும்.”

“சரி சார்.”

திட்டு வரும் என்று முத்துப்பேச்சி தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். ஜெபமணியக்கா எழுந்து வந்து, நோட்டைத் தன் பக்கம் திருப்பி, நல்ல கையின் விரலை முதல் கட்டத்தின் மேல் வைத்தாள்.

“இது யாரு?”

“கழுவுற பக்கத்துப் பெட்டிக்கா.”

“இது?”

“குளிர்ப் பக்கத்துப் பெட்டி.”

“ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கண்ணடிச்சுக்கிடும். சரி, அடிச்சுக்கிடட்டும். நான் மூடிகிட்ட நிக்கேன். எனக்கு யாரு சொல்லுவா?”

முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். முக்கால் மணி நேரம் நாற்பது மீட்டரையும் நடந்து நடந்து பார்த்திருந்தாள். அந்தக் கேள்வி மட்டும் வழியில் எங்கேயும் இல்லை.

“மூடிகிட்ட ஒரு லைட்டு வைக்கலாம்க்கா,” என்றாள் மெதுவாக. “திருகுக்குக் கரண்டு போகலன்னு அந்தப் பக்கத்துப் பெட்டி சொன்னா எரியும். எரிஞ்சா கை விடலாம்.”

“பல்பு போச்சுன்னா?”

“எரியாது. எரியலேன்னா விடக் கூடாது.”

“தண்ணி எரிய வச்சிட்டுன்னா?”

முத்துப்பேச்சி வாயைத் திறப்பதற்குள் ஜெபமணியக்காவே சொல்லிவிட்டாள். “அப்ப அதுவும் கண்ணடிக்கணும்.”

“ஆமாக்கா.”

“பின்ன அதப் போடாம ரெண்டு கட்டத்தப் போட்டு வச்சிருக்க. போடு.”

தனராஜ் சார் பேண்டை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். முத்துப்பேச்சி இரண்டாவது கட்டத்திலிருந்து ஒரு கோட்டை இழுத்து, அதன் முனையில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டாள். உள்ளே ஜெபமணியக்கா என்றே எழுதினாள்.